ஜே கே பி ஓ செமி

திருகோணமலையில், அனுராதபுரச் சந்திக்குக் கிட்ட எனக்கொரு சின்னக் கடை. பெயர்ப்பலகையில் ‘கொம்யூனிகேஷன்’ என்று இருந்தாலும் கோல் எடுக்க ஆட்கள் வரிசையில் நின்ற காலம் எப்போதோ போய்விட்டது. இப்போது போட்டோக்கொப்பி, லெமினேட்டிங், ரைப் செற்றிங். கோயில் திருவிழா நோட்டீஸ், சங்கத்து யாப்பு, கல்யாண அழைப்பிதழ், ரியூசன் வகுப்புகளின் மாதிரி வினாத்தாள் எல்லாம் என் கைபட்டுப் போகும். 2003இலிருந்து பாமினி எழுத்துருவில் அடிக்கிறேன். கீபோர்டைப் பார்க்காமல், பக்கத்துக் கடை அக்காவோடு கதைத்துக்கொண்டே அடிப்பேன். எழுத்துப்பிழை விடமாட்டேன் என்று ஊரில் எனக்கொரு பெயரும் இருந்தது. அந்தப் பெயர் கெட்ட கதைதான் இது.

2019ஆம் ஆண்டு. சாம்பல்தீவுப் பக்கமிருந்து ஒரு தம்பி வேலை தருவார். அவருக்குப் பார்வை இல்லை. பட்டப்படிப்பை முடித்துவிட்டு ஓ.எல். பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்குத் தமிழும் வரலாறும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கேள்விகளை வட்ஸ்அப்பில் குரல்பதிவாக அனுப்புவார். நான் கேட்டு அடித்து வைப்பேன். அவருடைய அக்காவின் மகன் வந்து 40 பிரதி எடுத்துக்கொண்டு போவான். ஒருநாள் அவரே ஓட்டோவில் வந்து இறங்கினார். நான் பழக்கதோஷத்தில் தாளை எடுத்து நீட்டினேன்.

“இது பிள்ளையளுக்கு. எனக்கு ஃபைலைத் தாங்கோ அக்கா. ஒருக்கா வாசிச்சுப் பார்க்கவேணும்.”

எப்படி வாசிப்பார் என்று கேட்க வாய் வரவில்லை. பென்ட்ரைவில் போட்டுக் கொடுத்தேன். தோள்பைக்குள் இருந்து லப்டொப்பை எடுத்து என் மேசையின் ஓரத்திலேயே வைத்துக்கொண்டு, திரையைப் பாதி சாய்த்தபடியே ஃபைலைத் திறந்தார். ஓர் ஆங்கிலக் குரல் விறுவிறுவென்று எதையோ உளறியது. நிறுத்திவிட்டு அம்புக்குறி விசையை ஒவ்வொன்றாக அமுக்கினார். “ஜே. கே. பி. ஓ. செமி.”

“என்னெண்டு விளங்குதா அக்கா? நீங்க அடிச்ச முதல் சொல்லு.”

வினாத்தாளின் தலைப்பு ‘தமிழ்’. ஜே அடித்தால் த, கே அடித்தால் ம, பி விசிறி (‘ி’), ஓ ழ, செமிகோலன் குற்று (மேலே வைக்கிற புள்ளி). என் விரல்களுக்கு அது மனப்பாடம். செமிகோலனைத்தான் அந்தக் குரல் ‘செமி’ என்று சுருக்கிச் சொல்கிறது. பதினாறு வருடமாக நான் தமிழ் அடிக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவருடைய லப்டொப் சொன்னபடி பார்த்தால் அன்றுவரை நான் ஒரு தமிழ்ச் சொல்கூட அடித்திருக்கவில்லை.

பாமினி, கலகம் மாதிரி பழைய எழுத்துருக்கள் செய்கிற வேலை வேஷம் கட்டுகிற வேலை. ஜே என்ற ஆங்கில எழுத்துக்கு ‘த’ வேஷம் கட்டி மேடையேற்றும். நம் கண் வேஷத்தைப் பார்த்து நம்பிவிடும். கொம்பியூட்டருக்கோ வேஷத்துக்குள்ளே நிற்கிற ஆளை மட்டும்தான் தெரியும். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கிற பொதுமுறையான யூனிகோட்டில் அப்படியில்லை, த என்றால் உள்ளேயும் த. திரையில் இருப்பதைக் குரலாகச் சொல்கிற திரைவாசிப்பு மென்பொருள் வாசிப்பது உள்ளே இருப்பதை.

தம்பி பாவிப்பது என்விடிஏ என்ற மென்பொருள். அவுஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் தொடங்கியது. காசு இல்லை. பென்ட்ரைவிலிருந்துகூட ஓடும். அதற்குள் ஈஸ்பீக் என்ற பேச்சுப்பொறி இருக்கிறது, தமிழும் பேசும். முதல்நாள் கேட்டபோது தகர டப்பாவுக்குள் இருந்து யாரோ கதைப்பதுபோல இருந்தது. தம்பிக்கு அதுதான் பிடிக்குமாம், வேகத்தைக் கூட்டினாலும் சொல் உடையாது என்றார். அவர் கேட்கிற வேகத்தில் எனக்கு இன்றைக்கும் ஒரு சொல் பிடிபடாது. அன்ட்ரொய்ட் போனில் டோக்பேக் என்ற திரைவாசிப்பான் இருக்கிறது. அதில் கூகிளின் தமிழ்க் குரல் கொஞ்சம் மனுசக் குரல் மாதிரி இருக்கும்.

இதை எழுதுவது என்னைப்போல ரைப் பண்ணிப் பிழைக்கிறவர்களும், ஆசிரியர்களும், கந்தோர்களில் கடிதம் அடிக்கிறவர்களும் வாசிப்பார்கள் என்ற எண்ணத்தில்தான். அதனால் முதலில் ஒரு சோதனை. எந்த மென்பொருளும் வேண்டாம். உங்கள் ஃபைலில் ஒரு வரியைக் கொப்பி பண்ணி நோட்பேட்டிலோ வட்ஸ்அப்பிலோ ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே விழுந்தால் தப்பித்தீர்கள். ஆங்கிலக் குப்பையாக விழுந்தால் பார்வையற்றவருக்கு நீங்கள் கொடுத்ததும் அந்தக் குப்பைதான்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வெட்கம் ஒருபக்கம். மறுபக்கம் கை பழகிய கீபோர்டை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டுமோ என்ற பயம். இந்தப் பயம்தான் எங்கள் தொழிலில் பாதிப்பேரை இன்னும் பாமினியிலேயே கட்டிவைத்திருக்கிறது. அது தேவையில்லாத பயம். என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை என்ற தமிழ் ரைப்பிங் மென்பொருள்கள் இரண்டிலும் பாமினி விசையமைப்பே இருக்கிறது. அதே ஜே, அதே கே. விழுவது மட்டும் யூனிகோட். எனக்குக் கை பழக இரண்டு நாள்கூட எடுக்கவில்லை. கொம்பு மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தது.

அச்சகம் பாமினிதான் வேண்டும் என்று நிற்கும், ஏனென்றால் அங்கே இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள் ஓடுகிறது, அதற்கு யூனிகோட் தெரியாது. சரி, கொடுங்கள். ஆனால் மூல ஃபைலை யூனிகோட்டில் வைத்துக்கொண்டு, அச்சகத்துக்கு மட்டும் பாமினியாக மாற்றிக் கொடுங்கள். திசை முக்கியம். யூனிகோட்டிலிருந்து பாமினிக்குப் போவது பள்ளத்தில் இறங்குகிற மாதிரி. பாமினியிலிருந்து யூனிகோட்டுக்கு வருவது ஏற்றம், வழியெல்லாம் கல்லு. அந்தக் கல்லில் நான் காலடித்த கதை அடுத்தது.

பழைய வினாத்தாள்கள் எல்லாவற்றையும் மாற்றித் தருகிறேன் என்று தம்பியிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். இணையத்தில் மாற்றிகள் இருக்கின்றன. ஒட்டினேன், மாற்றினேன், திரையில் பார்த்தேன், தங்கம் மாதிரி இருந்தது. அனுப்பிவிட்டேன். அடுத்தநாள் காலை அழைப்பு.

“அக்கா, ஆசிரியா எண்டா ஆர்?”

“ஆசிரியர் எண்டுதானே தம்பி கிடக்கு?”

“உங்கட கண்ணுக்கு அப்பிடிக் கிடக்கும்.”

நான் திரையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஆசிரியர்தான். கடைசியில் அவர் சொன்னபடி எழுத்தெழுத்தாக நகர்த்திப் பார்த்தபோதுதான் கள்ளன் பிடிபட்டான். பாமினியில் ‘ர்’ அடிக்க யூ விசையும் செமிகோலனும். ஆனால் எச் விசையில் இருக்கிற அரவுக்கு (‘ா’) மேலே குற்றுப் போட்டாலும் பார்வைக்கு அதே ‘ர்’தான். எச் விசை விரலுக்குப் பக்கத்தில் இருப்பதால் நான் (நான் மட்டுமில்லை, நாட்டில் பாதி ரைப்பிஸ்ட்மார்) அரவுக்குக் குற்றுப் போட்டே காலம் தள்ளியிருக்கிறோம். தாளில் யாருக்கும் தெரியாது. யூனிகோட்டுக்கு மாறும்போது அது அரவாகவே மாறும். ஆசிரியர், மாணவர், அவர்கள், தமிழர் எல்லாருக்கும் வால் போய்விட்டது.

இதற்கு மருந்து சுலபம். மாற்றிய கையோடு ‘ஃபைன்ட் அன்ட் ரிப்ளேஸ்’ஸில் அரவும் குற்றும் சேர்ந்த ‘ா்’ என்பதைத் தேடி ‘ர்’ என்று மாற்றிவிடலாம். தமிழில் அரவுக்கு மேல் குற்று வரும் இடமே கிடையாது, அதனால் பயமில்லாமல் ‘எல்லாவற்றையும் மாற்று’ என்று அமுக்கலாம். இதேபோல ‘ஔ’வுக்குப் பதிலாக ஒ, ள என்று இரண்டெழுத்தாக அடிக்கிற பழக்கமும் எங்களிடம் உண்டு. ஔவையார் காதில் ‘ஒளவையார்’ ஆகிவிடுவார், ஒளிந்துகொண்ட பாட்டிபோல. இதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள், ‘ஒளவு’ இல்லாவிட்டாலும் ‘ஒளி’யும் ‘ஒளிவு மறைவும்’ தமிழில் இருக்கின்றன, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்ற வேண்டும்.

எழுத்து சரியாகிவிட்டதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். தம்பி சிரித்தார். “இப்பதான் அக்கா வாசல் திறந்திருக்கு. உள்ள கதிரை மேசை எல்லாம் குறுக்க கிடக்கு.”

அவர் சொன்ன கதிரை மேசைகளில் பெரியது தலைப்பு. நான் தலைப்பென்றால் எழுத்தைப் பெரிதாக்கி, தடிப்பாக்கி, நடுவில் வைப்பேன். காதுக்குப் பெரிய எழுத்தும் இல்லை, நடுவும் இல்லை. வேர்டில் ‘ஸ்டைல்ஸ்’ என்று ஒரு வரிசை மேலே கிடக்கிறதே, அதில் ‘ஹெடிங் 1’, ‘ஹெடிங் 2’ என்று கொடுத்தால்தான் திரைவாசிப்பானுக்கு அது தலைப்பு. அப்படிக் கொடுத்திருந்தால் எச் விசையைத் தட்டித் தட்டி ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்குத் தாவலாம். இல்லாவிட்டால் 14ஆம் பக்கத்திலிருக்கிற பகுதி மூன்றைத் தேட 13 பக்கத்தையும் கேட்டாக வேண்டும். கண்ட்ரோல், ஓல்ட், 1 மூன்றையும் சேர்த்து அமுக்கினால் ஹெடிங் 1. எனக்கு இதில் சொந்த லாபமும் கிடைத்தது. எழுத்தின் அளவை மாற்றச் சொல்லி வாடிக்கையாளர் வந்தால் ஸ்டைலை ஒரு இடத்தில் மாற்றினால் முழு ஃபைலும் மாறும். முன்பு ஒவ்வொரு தலைப்பாகப் பிடித்து மாற்றுவேன்.

அடுத்தது என்டர் தட்டுகிற வியாதி. அடுத்த பக்கத்துக்குப் போக 11 முறை என்டர் தட்டினால், ‘பிளாங்க், பிளாங்க், பிளாங்க்’ என்று 11 முறை கேட்கும். ஃபைல் முடிந்துவிட்டது என்று நினைத்து மூடிவிடுகிறவர்களும் உண்டாம். கண்ட்ரோலும் என்டரும் சேர்த்து ஒருமுறை அமுக்கினால் பக்கம் உடையும். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானும் கேட்கவில்லை.

வினாத்தாளில் எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தவை மூன்று இடங்கள்.

ஒன்று, புள்ளிக்கோடு. ‘கீறிட்ட இடத்தை நிரப்புக’ என்றால் முப்பது நாற்பது புள்ளி வைப்பது எங்கள் வழக்கம். நிறுத்தக்குறிகளை வாசிக்கும் அளவைக் கூட்டி வைத்தால் என்விடிஏ அந்தப் புள்ளிகளையே வாசிக்கத் தொடங்கும். குறைத்து வைத்தால் அந்தக் கோடே இல்லாததுபோல் தாண்டிப் போய்விடும், வசனத்தில் ஓர் இடைவெளி இருக்கிறதென்றே தெரியாது. இப்போது ‘வெற்றிடம் 1’, ‘வெற்றிடம் 2’ என்று சொல்லாகவே எழுதிவிடுகிறேன்.

இரண்டாவது, கீழ்க்கோடு. “கீழ்க்கோடிடப்பட்ட சொல்லின் எதிர்க்கருத்துச் சொல் யாது?” தமிழ் வினாத்தாளில் இந்தக் கேள்வி இல்லாமல் இருக்குமா? அந்தக் கேள்வியைத் தம்பிக்குத் திரைவாசிப்பான் முழுசாக வாசித்தது, கோட்டைத் தவிர. “எனக்கு எல்லாச் சொல்லும் ஒரே உயரம் அக்கா” என்றார். கேள்வியை அவரே திருத்திச் சொன்னார்: “மேலேயுள்ள வாக்கியத்தில் ‘இன்னல்’ என்ற சொல்லின் எதிர்க்கருத்து யாது?” கோடும் இருக்கட்டும், சொல்லும் இருக்கட்டும். சிவப்பு நிறத்தில் உள்ளவற்றைக் கட்டாயம் நிரப்பவும் என்கிற விண்ணப்பப் படிவங்களுக்கும் இதே கதைதான். நிறத்தை மட்டும் நம்பி எதையும் சொல்லக்கூடாது. சிவப்பும் பச்சையும் பிரித்தறியாத ஆட்கள் எங்கள் கடைக்கே இரண்டுபேர் வருகிறார்கள், அவர்கள் கண் நல்லாய்த் தெரிகிற ஆட்கள்.

மூன்றாவது, படம். வரலாற்று வினாத்தாளில் இலங்கைப் படம் ஒன்று, அதில் ‘அ’ என்று குறித்த ஆற்றின் பெயரைக் கேட்டிருந்தார். வேர்டில் படத்தின்மேல் வலது கிளிக் செய்தால் ‘ஓல்ட் டெக்ஸ்ட்’ என்று வரும், அதில் படத்தைப் பற்றி எழுத வேண்டும், திரைவாசிப்பான் அதை வாசிக்கும். நான் முதலில் ‘இலங்கைப் படம்’ என்று எழுதினேன்.

“சரி, படம் இருக்கு. கேள்விக்கு மறுமொழி எப்பிடிச் சொல்லுறது?”

திருத்தி, ‘மகாவலி கங்கை காட்டப்பட்ட இலங்கைப் படம்’ என்று எழுதினேன். தம்பி வயிறு பிடித்துச் சிரித்தார். விடையையே கொடுத்துவிட்டேன். பிறகு இருவரும் உட்கார்ந்து யோசித்து எழுதியது இது: ‘இலங்கைப் படம். நடுமலைப் பகுதியில் தொடங்கி, வடக்கும் கிழக்குமாக ஓடி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலில் சேரும் ஆறு ‘அ’ எனக் குறிக்கப்பட்டுள்ளது.’ பார்க்கிற பிள்ளை படத்தில் எதைக் காண்கிறதோ அதை மட்டும், அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. மட்டக்களப்பில் பார்வையற்ற மாணவி ஒருத்திக்கு அந்தத் தாளை அனுப்பியிருந்தார். பிள்ளை சரியாக எழுதியிருந்ததாம். படத்துக்கு விளக்கம் எழுதுவது ரைப் பண்ணுகிற வேலையில்லை, அது கேள்வி தயாரிக்கிற வேலையின் ஒரு பகுதி என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அதனால் இப்போது படத்தோடு வருகிற ஆசிரியர்மாரிடம், ‘சேர், இந்தப் படத்தை போனில ஒருத்தருக்குச் சொல்லுறதெண்டா எப்பிடிச் சொல்லுவீங்க?’ என்று கேட்டு அவர்கள் வாயாலேயே எழுதி வாங்குகிறேன். பூவேலைப்பாடு, ஓரத்து அலங்காரம் போன்றவற்றுக்கு ஒன்றும் எழுதத் தேவையில்லை, ‘அலங்காரம்’ என்று குறித்துவிட்டால் திரைவாசிப்பான் கண்டுகொள்ளாமல் போகும்.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் பூட்டினதும் எல்லாப் பாடமும் வட்ஸ்அப்புக்கு வந்தது. வந்தது எப்படி? கொப்பியில் எழுதி போனில் படம் பிடித்து, 30 படத்தை ஒன்றாகக் கோர்த்து ‘பிடிஎஃப்’ என்று அனுப்பினார்கள். அது பிடிஎஃப் உறைக்குள் இருக்கிற படம். ஓர் எழுத்துக்கூட அதில் இல்லை. சுற்றறிக்கைகளும் இப்படித்தான் வருகின்றன: கொம்பியூட்டரில் அழகாக அடித்து, பிரிண்ட் எடுத்து, கையெழுத்தும் முத்திரையும் வைத்து, திரும்ப ஸ்கான் பண்ணி அனுப்புகிறார்கள். உயிரோடு இருந்த ஃபைலைக் கொன்று புகைப்படம் எடுத்து அனுப்புகிற மாதிரி. கையெழுத்து வேண்டுமென்றால் ஸ்கானை அனுப்புங்கள், கூடவே அடித்த ஃபைலையும் இணைத்துவிடுங்கள். ஒரு நிமிடக் காரியம்.

ஸ்கான் மட்டும்தான் கையில் இருக்கிறதென்றால் கூகிள் டிரைவில் ஏற்றி ‘கூகிள் டொக்ஸ்’ஸில் திறந்தால் அது எழுத்தைப் பிரித்தெடுத்துத் தரும். அச்சுத் தமிழை நல்லாகவே பிடிக்கிறது. ஆனால் அட்டவணையைக் கலைத்துவிடும், எண்களில் ஏமாற்றும். தொலைபேசி எண், திகதி, தொகை மூன்றையும் மூலத்தோடு ஒப்பிடாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

நானும் பிடிஎஃப்பில் ஒரு பாடம் படித்தேன். யூனிகோட்டில் அடித்த ஃபைலை ‘பிரிண்ட்’ கொடுத்து அங்கேயுள்ள பிடிஎஃப் பிரிண்டரால் எடுத்து அனுப்பினேன். பார்த்துப் பார்த்து வைத்த தலைப்பு, படவிளக்கம் ஒன்றும் போய்ச் சேரவில்லை. பிரிண்டருக்குத் தாளில் விழும் மை மட்டும்தான் கணக்கு. ‘சேவ் அஸ்’ போய் பிடிஎஃப் என்று தெரிவுசெய்து, ‘ஒப்ஷன்ஸ்’ஸில் ‘டொக்கியுமென்ட் ஸ்ட்ரக்சர் டெக்ஸ் ஃபோர் அக்செசிபிலிட்டி’ என்ற பெட்டியில் சரி போட்டிருக்கிறதா என்று பார்த்துச் சேமிக்க வேண்டும். லிப்ரே ஒஃபீஸ் பாவிக்கிறவர்களுக்கு 2020இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து பிடிஎஃப்/யூஏ என்ற தெரிவும் உண்டு, அணுகத்தக்க பிடிஎஃப்புக்கான சர்வதேசத் தரத்தின் பெயர் அது.

அவ்வளவு செய்தும் தமிழுக்கென்று ஒரு தலைவிதி இருக்கிறது. சில பிடிஎஃப்புகளில் கொம்பு எழுத்துக்கு முன்னால் ஓடிவிடும். ‘கொடி’யைக் கொப்பி பண்ணினால் கொம்பு தனியாக, க தனியாக, அரவு தனியாக விழும். ஒலியில் அது சொல்லே இல்லை. ‘பெயர்’, ‘தேதி’, ‘கோயில்’ எல்லாம் இப்படி உடைந்து வந்ததைக் கேட்டிருக்கிறேன். அதனால் தம்பிக்கு நான் பிடிஎஃப்பே அனுப்புவதில்லை. வேர்ட் ஃபைல்தான். பிடிஎஃப்தான் வேண்டுமென்று யாராவது நின்றால் இரண்டையும் அனுப்புகிறேன். தமிழில் பிடிஎஃப்பை மட்டும் நம்புவது இன்றைய நிலையில் சரியில்லை என்பது என் கருத்து, வேறு மொழிக்காரர் என்ன சொன்னாலும்.

ஓர் அலுவலகத்துப் படிவத்தோடு நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லாமல் விடமுடியாது. பெயரைச் சொல்லவில்லை, அவர்களும் வேண்டுமென்று செய்யவில்லை. மும்மொழிப் படிவம். ஒரு பெட்டிக்குள் சிங்களம், கீழே தமிழ், கீழே ஆங்கிலம். சிங்களம் எஃப்எம் அபய என்ற, பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில், தமிழ் பாமினியில். ஆக, கொம்பியூட்டருக்கு மூன்றும் ஆங்கிலம்! இரண்டு மொழி உளறல், கடைசியில் ஒரு சுத்தமான ‘நேம் வித் இனிஷியல்ஸ்’. பெட்டிகளை அழகுக்காக ஒன்றோடொன்று இணைத்திருந்ததால் எந்தக் கேள்விக்கு எந்தப் பெட்டி என்றும் பிடிபடவில்லை. தம்பி அதை என் கடையில் உட்கார்ந்து, நான் வாசிக்க வாசிக்க நிரப்பினார். அடையாள அட்டை இலக்கம், சம்பளம், குடும்ப விபரம் எல்லாவற்றையும், போட்டோக்கொப்பிக்கு நின்ற நாலு பேருக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்லித்தான் நிரப்பினார். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னதும், நான் காதைக் கிட்டக் கொண்டுபோனதும் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அந்தப் படிவத்தை நான் தமிழில் மட்டும் தனி ஃபைலாக அடித்து வைத்திருக்கிறேன். அட்டவணை வேண்டிய இடத்தில் மட்டும் அட்டவணை, முதல் வரிசையைத் தலைப்பு வரிசையாகக் குறித்து, இணைத்த பெட்டி இல்லாமல். மும்மொழியும் ஒரே ஃபைலில் வேண்டுமென்றால் ஒவ்வொரு பகுதியையும் தெரிவுசெய்து அதன் மொழி இன்னதென்று ‘ரிவியூ’ பக்கத்தில் குறிக்க வேண்டும், அப்போதுதான் குரல் மொழிக்கு மொழி மாறும். யாராவது கேட்டால் அந்தத் தமிழ்ப் படிவத்தைக் காசில்லாமல் கொடுக்கிறேன். அலுவலகத்துக்கும் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வைத்தார்கள்.

இதெல்லாம் நாட்டுச் சட்டத்தில் இருக்கிறதா என்று தம்பியிடம் ஒருமுறை கேட்டேன். விரல்விட்டு எண்ணினார். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கிற 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. அதே உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை 2016 பெப்ரவரியில் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது, அதன் 9ஆம் உறுப்புரை தகவலையும் தொழில்நுட்பத்தையும் அணுகும் உரிமையைச் சொல்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதம், அதாவது 16 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள், பார்ப்பதிலோ கேட்பதிலோ நடப்பதிலோ வேறெதிலோ சிரமம் உள்ளவர்கள் என்று பதிவாகியிருக்கிறது. “சட்டம் பிரிண்ட்டில இருக்கு அக்கா” என்றார். பிறகு, “ஸ்கான் கொப்பி” என்றார்.

அந்த 16 இலட்சத்தில் என் வாசலுக்கு வருகிறவர்களையும் இப்போது கவனிக்கிறேன். பென்சன் எடுத்த ஆசிரியை ஒருவர் வருவார், கண்புரை ஒப்பரேசனுக்குப் பிறகும் சின்ன எழுத்து பிடிக்காது. அவருக்குப் பிரதியைப் பெரிதாக்கிக் கொடுப்பதைவிட 18 புள்ளியில் திரும்ப எடுத்துக் கொடுப்பது நல்லது, வரி தாளைவிட்டு ஓடாது. திருவிழா நோட்டீஸில் சிவப்பின்மேல் மஞ்சள், மஞ்சளின்மேல் வெள்ளை என்று கேட்கிறவர்களிடம் இப்போது வாதாடுகிறேன். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 வேறுபாடு இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டியின் கணக்கு, அளந்து காட்ட இலவசக் கருவிகள் இருக்கின்றன. மஞ்சளின்மேல் வெள்ளையை அளந்து காட்டினால் நிர்வாகசபைத் தலைவருக்கே சிரிப்பு வரும். காது கேளாத ஒரு தையல்காரத் தம்பி வருவார். மற்றத் தம்பிக்கு வழியாக இருக்கிற குரல்பதிவு இவருக்குச் சுவர். இவருக்கு எழுதி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

வேலை கூடுகிறதே, காசு கூட எடுக்கிறாயா என்று தொழிற்காரர் சிலர் கேட்டார்கள். தொடக்கத்திலேயே ஸ்டைல் போட்டு அடித்தால் ஒரு நிமிடம்கூட அதிகமில்லை, அதற்குக் காசு எடுப்பது நியாயமில்லை. பழைய பாமினி ஃபைலை மாற்றித் திருத்துவது உண்மையில் வேலை, அதற்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறேன். வேர்டில் ‘ரிவியூ’ பக்கத்தில் ‘செக் அக்செசிபிலிட்டி’ என்று இருக்கிறது, அமுக்கினால் விளக்கமில்லாத படங்களையும் தலைப்பு வரிசையில்லாத அட்டவணைகளையும் காட்டிக்கொடுக்கும். நல்ல கருவிதான். ஆனால் ‘ஆசிரியா’வை அது பிடிக்காது. ‘படம்’ என்று விளக்கம் எழுதினாலும் திருப்தியாகிவிடும். கடைசியில் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, திரையை அணைத்துவிட்டு, ஒரு பக்கமாவது கேட்க வேண்டும். கடை வாசலில் மான்கள் வந்து போட்டோக்கொப்பிக் கழிவுத்தாளைத் தின்றுகொண்டு நிற்கிற மத்தியான நேரத்தில் நான் அதைச் செய்வேன். திரை கறுப்பாக இருக்க, ஹெட்போனோடு நான் இருப்பதைப் பார்த்து ‘கரண்ட் இல்லையா மிஸ்?’ என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்களும் உண்டு.

போன ஆவணியில் தம்பிக்குக் கல்யாணம். அழைப்பிதழ் அடிக்க வந்தார். அட்டையில் பிள்ளையார், குத்துவிளக்கு, தங்கநிற எழுத்து எல்லாம் அம்மாவின் விருப்பம். வட்ஸ்அப்பில் அந்த அட்டையின் படத்தை அனுப்பினால் அவரோடு விடுதியில் தங்கிப் படித்த கூட்டாளிகளுக்கு, ‘படம்’ என்ற ஒரு சொல்லோடு அழைப்பிதழ் முடிந்துவிடும். அதனால் அதே வாசகத்தை எழுத்தாகவும் கேட்டார். பெயர், திகதி, சுபமுகூர்த்த நேரம், மண்டபம், அனுராதபுரச் சந்தியிலிருந்து வழி. அடித்து அவருடைய போனுக்கு அனுப்பினேன்.

கதிரையில் உட்கார்ந்து, போனைக் காதோடு ஒட்டிவைத்து, அந்த மின்னல் வேகத்தில் ஒருதரம் கேட்டார். பிறகு வேகத்தைக் குறைத்து முதல் சொல்லுக்குப் போய், ‘அன்புடையீர்’ஐ எழுத்தெழுத்தாக நகர்த்தினார். நான் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு நின்றேன்.

“‘ர்’தான் அக்கா,” என்றார். “அரவு இல்லை.”